வருகைப் பதிவேடும் வேலைப் பதிவேடும்

வேலை செய்பவரின் நேரத்தை யார் எழுதி வைப்பது? முதலாளியா, இயந்திரமா, வேலை செய்பவரே எழுதிக்கொள்வதா? கணினியில் எழுதுகிற இடத்திலேயே, அதாவது 'டெக்ஸ்ட் எடிட்டர்' என்கிற வெறும் எழுத்துச் செயலிக்குள்ளேயே, நேரக் கணக்கு வைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று சென்ற சில மாதங்களாகப் படித்தேன். அதன் கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது.

1888-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஆபர்ன் என்ற ஊரில், வில்லர்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் ஒரு கடிகாரம் செய்தார். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சாவி ஒன்று. ஆலைக்குள் வரும்போது அதைக் கடிகாரத்தில் நுழைத்துத் திருப்பினால், அவருடைய எண்ணும் அந்த நேரமும் காகிதச் சுருளில் அச்சாகும். அடுத்த ஆண்டே இதைச் செய்து விற்க ஒரு நிறுவனம் வந்தது. அது 1900-இல் இன்டர்நேஷனல் டைம் ரெக்கார்டிங் கம்பெனியில் சேர்ந்தது. 1911-இல் இன்னும் சில நிறுவனங்களோடு இணைந்தது. 1924-இல் அந்தக் கூட்டு நிறுவனம் வைத்துக்கொண்ட புதுப்பெயர்தான் ஐபிஎம். கணினி உலகின் பெரிய வீடு ஒன்றின் அஸ்திவாரத்தில் தொழிலாளியின் தாமதத்தைக் குறித்த கடிகாரமும் இருக்கிறது!

எங்கள் அலுவலகத்தில் இயந்திரம் கிடையாது. நீளமான வருகைப் பதிவேடும் கண்காணிப்பாளரின் சிவப்பு மைப் பேனாவும்தான். குறித்த நேரம் தாண்டினால் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். அரை நாள் தற்செயல் விடுப்பு கழியும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் வருகைத் தாளை 'ஃபேய் தெ ப்ரெஸான்ஸ்' என்பார்கள். ஆள் இருந்தார் என்பதற்கான தாள் அது. பள்ளியின் பாடவேளை அட்டவணைக்கு 'ஆம்ப்ளுவா துய் தாம்' என்று பெயர். நேரத்தின் பயன்பாடு என்பது அதன் நேர்ப்பொருள். ஆள் இருப்பது வேறு, நேரம் பயன்படுவது வேறு. பணிக்காலம் முழுக்க நான் போட்ட கையெழுத்துகள் முதல் கணக்கையே சொல்லும். எந்தக் கோப்புக்கு எத்தனை மணி நேரம் உழைத்தேன் என்று அந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது.

அந்த இரண்டாவது கணக்குக்கு எடிட்டர்களில் வழி பிறந்தது. ஈமாக்ஸ் என்ற எடிட்டர் 1976-இல் எம்ஐடி ஆய்வகத்தில் தோன்றியது. இன்று புழங்கும் க்னூ ஈமாக்ஸ் 1985-இல் வந்தது. அதற்கு 1999-இல் ஜான் வீக்லி என்பவர் 'டைம்கிளாக்' என்ற துணைநிரலை எழுதினார். வேலையைத் தொடங்கும்போது ஒரு கட்டளை, முடிக்கும்போது ஒரு கட்டளை. 'ஐ' என்று தொடங்கும் வரி உள்ளே வந்ததைக் குறிக்கும், 'ஓ' என்று தொடங்கும் வரி வெளியே போனதைக் குறிக்கும். கூடவே தேதி, நேரம், எந்த வேலை என்ற பெயர். இன்றைய எட்டு மணி நேரம் நிறைய இன்னும் எவ்வளவு பாக்கி, எத்தனை மணிக்கு எழுந்து போகலாம் என்பதையும் அது சொல்லும். இதைப் படித்தபோது என் பழைய சகாக்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

2003-இல் ஆம்ஸ்டர்டாமில் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தன் ஆய்வுக் குறிப்புகளையும் வேலைத் திட்டங்களையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள 'ஆர்க் மோட்' என்பதை எழுதத் தொடங்கினார். இதில் செய்ய வேண்டிய வேலையின் தலைப்புக்குக் கீழேயே நேரம் பதிவாகும். தொடங்கியது 9:00, முடித்தது 10:30, ஆக மொத்தம் 1:30 என்று கூட்டியே எழுதிவிடும். எல்லாத் தலைப்புகளையும் தொகுத்து அட்டவணையும் போட்டுத் தரும். ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு எழுதினால், மதிப்பீடும் ஆன நேரமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நடுவில் காப்பி குடிக்கப் போய்த் திரும்பத் தாமதமானால், "சும்மா இருந்த இந்த நிமிடங்களைக் கணக்கில் வைக்கவா, கழிக்கவா?" என்று கேட்கும்படி அதை அமைத்துக்கொள்ளலாம். சிவப்புக் கோடு போடாமல் நம்மையே தீர்ப்புச் சொல்லச் சொல்கிறது.

இப்போது தானாகவே கணக்கெடுக்கும் செருகுநிரல்களும் வந்துவிட்டன. வாக்காடைம் அப்படி ஒன்று. எந்தக் கோப்பில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை நாம் சொல்லாமலே குறித்து, இணையம் வழியே தன் சேவையகத்துக்கு அனுப்பும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பதிவேடு மறுபடியும் நம் மேசையை விட்டு வேறொரு மேசைக்குப் போகிறது. டைம்கிளாக், ஆர்க் மோட் கணக்குகள் நம் கணினியில் வெறும் எழுத்தாக இருக்கின்றன. எழுதிய செயலியே மறைந்துபோனாலும் வேறெந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம்.

ஈமாக்ஸ் கற்க என் வயதில் பொறுமை இல்லை. எளிய வழி ஒன்று விண்டோஸ் நோட்பேடிலேயே இருக்கிறது. புதிய கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளியும், அதை ஒட்டி எல், ஓ, ஜி என்ற மூன்று பெரிய ஆங்கில எழுத்துகளும் அடித்துச் சேமியுங்கள். பிறகு அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் கடைசியில் தானே விழும். வேலையை முடிக்கும்போது எஃப்5 விசையை அழுத்தினால் அந்த நேரமும் விழும். கூட்டல் மட்டும் நம் பொறுப்பு.

தெரிந்தவர்கள் கொண்டுவரும் பழைய பிரெஞ்சு நொத்தேர் பத்திரங்களைத் தமிழாக்கித் தருகிறேன். இந்த முறையில் ஆறு மாதம் குறித்து வைத்ததில் ஒரு பக்கத்துக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம் ஆகிறது என்று தெரிந்தது. "நாளைக்கே வேண்டும் சார்" என்று பத்துப் பக்கத்தை நீட்டுகிறவரிடம் இப்போது கோபப்படாமல் அந்தக் கோப்பைத் திறந்து காட்டுகிறேன். "அப்போ அடுத்த வாரம் வர்றேன் சார்" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.