சிறுவர் சூட்டிய பெயர்: 'கொலை வீடு'

முதலாம் உலகப் போருக்கு நியூசிலாந்து ஆட்களைத் திரட்டியபோது, முன்வந்த இளைஞர் பலரின் பற்கள் படைச் சேவைக்கு உதவாத அளவுக்குச் சிதைந்திருந்தமை தெரியவந்தது. படையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய தோமஸ் ஹன்ரர், இதற்குரிய பரிகாரம் பாடசாலையில் தொடங்க வேண்டும் எனக் கருதினார். 1921 இல் அரசின் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை உருவாயிற்று. இளம் பெண்களுக்கு வெலிங்டனில் இரண்டு ஆண்டுப் பயிற்சி அளித்து, பாடசாலை வளவுகளிலேயே சிறு சிகிச்சை நிலையங்களில் அமர்த்தினர். சிறுவரிடம் பரிவாகப் பழகப் பெண்களே தகுந்தவர்கள் என்பது அக்காலத்து எண்ணம்.

அந்த நிலையங்களுக்குச் சிறுவர் சூட்டிய பெயர்தான் 'கொலை வீடு'.

தாதியர் கொடியவர்கள் என்பதற்காக எழுந்த பெயரன்று அது. தொடக்க காலத்துத் துளைகருவி காலால் மிதித்து இயக்கப்பட்டது. மெதுவாகச் சுழன்று, பல்லைச் சூடாக்கி, தாடையையே அதிரச் செய்தது. விறைப்பூசி போடாமலே பற்குழிகள் அடைக்கப்படுவதும் வழக்கமாயிருந்தது. வகுப்பிலிருந்து பெயர் சொல்லி அழைக்கப்படும் பிள்ளையுடன் தாயோ தந்தையோ பெரும்பாலும் இருப்பதில்லை. உள்ளே என்ன நடக்கும் என்று அப்பிள்ளைக்கு முன்கூட்டிச் சொல்லி வைத்தவர்கள் மேல்வகுப்பு மாணவரே. அவர்கள் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பற்களைக் காத்த அருமையான திட்டம், பயத்தையும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றியது.

அந்நாட்டிலேயே ஜோன் வோல்ஷ் என்பவர் காற்றின் விசையால் அதிவேகமாகச் சுழலும் துளைகருவியை உருவாக்கி, 1949 இல் காப்புரிமை பெற்றார் என்பது ஒரு முரண்நகை. அத்தகைய கருவி பரவலாகச் சந்தைக்கு வந்தது 1957 இல், அமெரிக்காவிலிருந்து.

நியூசிலாந்தின் முன்மாதிரி கடல் கடந்தும் சென்றது. 1949 இல் பினாங்கிலும், 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியுடன் எமது மஹரகமவிலும் பாடசாலைப் பற்சிகிச்சைத் தாதியர் பயிற்சி ஆரம்பமாயிற்று. ஆயினும் அச்சத்தை நாம் இறக்குமதி செய்ய வேண்டியிருக்கவில்லை. "குழப்படி செய்தால் பல்லுப் பிடுங்கக் கொண்டுபோவன்" என்ற வெருட்டு எமது வீடுகளில் தாராளமாகவே கிடைத்தது. வெருட்டிய அதே வாய், சிகிச்சைக்குப் போகும் நாளில் "ஒண்டும் நோகாது" என்று சத்தியமும் செய்யும். இரண்டில் பின்னையதே கூடுதல் கேடு என்பது என் கருத்து. நொந்த பிறகு பிள்ளை வைத்தியரை மட்டுமல்ல, தாயையும் நம்பாது.

1959 இல் அமெரிக்கரான அடெல்ஸ்ரன் எழுதி வைத்த முறை மிக எளியது: சொல், காட்டு, பின் செய். பிள்ளைக்குப் புரியும் சொல்லில் முதலில் விளக்க வேண்டும். கண்ணாடியைக் கையில் கொடுத்து, சுழலும் தூரிகையை விரல் நகத்தில் தொட்டுக் காட்ட வேண்டும். சொன்னதை மட்டும், சொன்ன விதத்திலேயே, உடனே செய்ய வேண்டும். சிறுவர் பல் மருத்துவத்தில் இன்றும் கற்பிக்கப்படும் பாடம் இது. வீட்டில் ஒரு கரண்டியையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, பிள்ளையின் பற்களை எண்ணிப் பார்க்கும் தாய் அதன் பாதியை முதல் நாளே செய்து முடித்துவிடுகிறாள்.

நியூசிலாந்தில் அந்தப் பாடசாலை நிலையங்கள் பல பின்னாளில் மூடப்பட்டு, நடமாடும் ஊர்திகள் வந்தன. அங்கு வளர்ந்த முதியவர்களிடம் கேட்டால், 'கொலை வீடு' எந்த மூலையில் இருந்தது என்று இப்போதும் சொல்வார்கள்.