கொன்றுண்ணி மீன்தொட்டிப் பராமரிப்பு

கொன்றுண்ணி மீன்தொட்டிப் பராமரிப்பு என்பது, சிறு மீன், இறால், தவளை, பூச்சி முதலியவற்றை இரையாகக் கொள்ளும் நன்னீர் மீன்களை வீட்டு மீன்தொட்டியில் வளர்க்கும்பொழுது, நீரின் தூய்மையைப் பேணும் முறைகளைக் குறிக்கும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஆஸ்கார், கலப்பினமான ஃபிளவர்ஹார்ன், அரோவானா ஆகியன இவ்வாறு வளர்க்கப்படும் மீன்களுள் பரவலாக அறியப்பட்டவை. நம் குளங்களிலும் கண்மாய்களிலும் வாழும் விரால் மீனும் சில வீடுகளில் வளர்க்கப்படுகிறது.

இம்மீன்கள் புரதம் மிகுந்த உணவை உண்டு மிகுதியான கழிவை வெளியிடுகின்றன. நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினாலும் அதில் நச்சுப் பொருள்கள் கரைந்திருக்கக்கூடும். எனவே, இங்கு தூய்மை என்பது கண்ணாடியைத் துடைப்பதையும் அடிமணலைக் கழுவுவதையும் மட்டும் குறிக்காது. உணவின் வழியாகத் தொட்டிக்குள் செல்லும் நைட்ரசன், அதே அளவில் வெளியேறுகிறதா என்பதே முதன்மையானது. இக்கட்டுரை, வெப்பம் மிகுந்ததும் நீர் அருமையானதுமான திண்டுக்கல் நகரையும் அதன் சமவெளியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

கழிவு மிகுவதற்கான காரணங்கள்

* உணவின் தன்மை: புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரசன் ஆகும். உடல் வளர்ச்சிக்குப் பயன்படாத நைட்ரசனின் பெரும்பகுதியை மீன்கள் செவுள்களின் வழியாக அமோனியாவாக வெளியிடுகின்றன. இது கண்ணுக்குத் தெரியாத கழிவு.
* உண்ணும் முறை: ஆஸ்கார் போன்ற மீன்கள் உணவை மென்று, அதன் துணுக்குகளைச் செவுள் வழியாகச் சிதறவிடுகின்றன. இத்துணுக்குகள் அடியில் தங்கி அழுகுகின்றன.
* உடல் அளவு: கடையில் விரல் நீளத்தில் விற்கப்படும் ஆஸ்கார் 30 செ.மீ.க்கு மேல் வளரக்கூடியது. விரால் அதனினும் பெரிதாக வளரும்.

நைட்ரசன் சுழற்சி

தொட்டியில் வெளியாகும் அமோனியாவை ஒருவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், வேறு சில பாக்டீரியாக்கள் அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியா செவுள்களை அரிக்கிறது. நைட்ரைட்டு குருதியின் உயிர்வளி ஏந்தும் திறனைக் குறைக்கிறது. நைட்ரேட்டு இவ்விரண்டையும்விட நச்சுத்தன்மை குறைந்தது. ஆனால், அது தானாக மறைவதில்லை. நீரை மாற்றுவதே அதனை வெளியேற்றும் எளிய வழி.

இப்பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சு, பீங்கான் வளையம், சரளைக்கல் முதலியவற்றின் பரப்பில் ஒட்டி வாழ்கின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். வாங்கிய அன்றே பெரிய மீனைப் புதிய தொட்டியில் விடுவது, முதல் மாதத்தில் மீன்கள் இறப்பதற்கு முதன்மையான காரணமாகும். நன்கு இயங்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துப் புதிய வடிகட்டியில் வைத்தால் இக்காலம் குறையும். எனினும், அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

திண்டுக்கல் சமவெளியின் சூழல்

வெப்பம்

கோடையில் வீட்டினுள் இருக்கும் தொட்டி நீரின் வெப்பமும் 30 °செ. அளவைக் கடந்துவிடும். 25 °செ. வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.3 மி.கி. உயிர்வளி கரையும். 30 °செ. வெப்பத்தில் இது 7.6 மி.கி. ஆகக் குறைகிறது. அதே நேரத்தில் மீனின் உயிர்வளித் தேவை கூடுகிறது. விரால் மீன் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்க வல்லது என்பதால் இக்குறையைத் தாங்கும். ஆனால், வடிகட்டியிலுள்ள பாக்டீரியாக்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. தொட்டியின் மேற்பரப்பில் காற்று படும்படி சிறு மின்விசிறியை வைத்தால், நீர் ஆவியாவதால் வெப்பம் ஓரிரு பாகை குறையும்.

நீரின் கடினத்தன்மை

திண்டுக்கல்லுக்கான குடிநீரின் ஒரு பகுதி, ஆத்தூர் அருகே உள்ள காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்து பெறப்படுகிறது. குழாய் நீர் போதாத வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பயன்படுகிறது. இது பெரும்பாலும் கடினமானது. நகரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் சில இடங்களில் நிலத்தடி நீர் உப்பாகியுள்ளது. அத்தகைய கிணற்று நீரை மீன்தொட்டிக்குப் பயன்படுத்துதல் கூடாது.

கடின நீரால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. பாக்டீரியாக்கள் ஒரு கிராம் அமோனியா நைட்ரசனை மாற்றும்பொழுது, ஏறத்தாழ 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான காரத்தன்மை செலவாகிறது. கடின நீரில் இவ்விருப்பு மிகுதி என்பதால் நீர் எளிதில் அமிலமாவதில்லை. இது நன்மை. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரிக்கப்பட்ட கேன் நீரை மட்டும் நிரப்பினால் இவ்விருப்பு சில நாள்களிலேயே தீர்ந்து, பாக்டீரியாக்களின் செயல்பாடும் குன்றிவிடும்.

தீமை அமோனியாவைப் பொறுத்தது. நீரின் காரத்தன்மைச் சுட்டெண் (பி.எச்.) உயர உயர, அமோனியா நச்சுத்தன்மை மிகுந்த வடிவத்துக்கு மாறுகிறது. 30 °செ. வெப்பத்தில், சுட்டெண் 7 ஆக இருக்கையில் மொத்த அமோனியாவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே அவ்வடிவில் இருக்கும். சுட்டெண் 8 எனில் அது ஏறத்தாழ 7.5 விழுக்காடு, 8.5 எனில் ஏறத்தாழ 20 விழுக்காடு. எனவே, மென்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அமோனியா, சமவெளியின் கோடைத் தொட்டியில் அதனைக் கொல்லக்கூடும்.

மின்தடை

வடிகட்டி நின்றவுடன் அதனுள் தேங்கிய நீரில் உயிர்வளி குறைந்து, சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் நலியத் தொடங்கும். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் நீடித்த கடும் மின்வெட்டின்போது, மீன் வளர்ப்போர் பலருக்கும் இது பெரும் இடராக அமைந்தது. மின்கலத்தில் இயங்கும் காற்றேற்றியும், அதனுடன் இணைந்த பஞ்சு வடிகட்டியும் எளிய மாற்று ஏற்பாடாகும். நீண்ட நேரம் நின்ற மூடிய வடிகட்டியை, உள்ளிருக்கும் கெட்டுப்போன நீரைக் கொட்டிவிட்டே மீண்டும் இயக்க வேண்டும். மின்தடை உள்ள நாளில் மீனுக்கு உணவிடாமல் இருப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

300 லிட்டர் நீருள்ள தொட்டியில் நாளொன்றுக்கு 5 கிராம் உருண்டை உணவு உண்ணும் ஓர் ஆஸ்கார் மீன் இருப்பதாகக் கொள்வோம். உணவில் புரதம் 45 விழுக்காடு எனில், நைட்ரசன் 5 × 0.45 × 0.16 = 0.36 கிராம். இதில் கால் பங்கு உடலில் சேர்கிறது எனக் கொண்டால், எஞ்சிய 0.27 கிராம் நீரில் கலக்கும். இது லிட்டருக்கு 0.9 மி.கி. நைட்ரசன் ஆகும்.

* வடிகட்டி ஒரு நாள் செயலிழந்தால்: சுட்டெண் 8, வெப்பம் 30 °செ. எனில், நச்சு வடிவ அமோனியா லிட்டருக்கு ஏறத்தாழ 0.07 மி.கி. அளவை எட்டும். 0.05 மி.கி. அளவிலேயே செவுள்கள் பாதிக்கப்படலாம் எனக் கருதப்படுகிறது.
* வடிகட்டி முறையாக இயங்கினால்: அந்த நைட்ரசன் முழுவதும் நைட்ரேட்டாக மாறும். நாளொன்றுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 4 மி.கி. வீதம் வாரத்துக்கு 28 மி.கி. நைட்ரேட்டு சேரும்.
* வாரந்தோறும் பாதி நீரை (150 லிட்டர்) மாற்றினால்: நைட்ரேட்டின் உச்ச அளவு நாளடைவில் 56 மி.கி. என்ற நிலையில் நிற்கும்.
* வாரந்தோறும் கால் பங்கு நீரை (75 லிட்டர்) மாற்றினால்: உச்ச அளவு 112 மி.கி. வரை உயரும்.

புதிதாக ஊற்றும் நீரில் நைட்ரேட்டு இல்லை என்னும் கொள்கையில் அமைந்த கணக்கு இது. வேளாண் பகுதிகளின் கிணற்று நீரில் நைட்ரேட்டு இருப்பது உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட்டை வரம்பாகக் கொண்டுள்ளது. ஊற்றும் நீரில் அந்த அளவு இருந்தால் மேற்கண்ட எண்கள் ஒவ்வொன்றுடனும் 45ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு மீனுக்கே மாதம் 600 லிட்டர் நீர் தேவைப்படுவதை இக்கணக்கு காட்டுகிறது. கோடையில் லாரி நீரை எதிர்பார்க்கும் வீட்டில் இத்தகைய மீனை வளர்க்க முடியுமா என்பதை, மீனை வாங்கும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

பராமரிப்பு முறைகள்

உணவிடுதல்

கழிவைக் குறைக்கும் மலிவான வழி உணவைக் குறைப்பதாகும். வளர்ந்த மீனுக்கு நாளொன்றுக்கு ஒருமுறை உணவிட்டு, வாரத்தில் ஒரு நாள் உணவின்றி விடலாம். சில நிமிடங்களில் உண்ணப்படாத உணவை வலையால் அகற்ற வேண்டும். தங்க மீன் போன்ற உயிருள்ள இரை மீன்களை இடுவதைத் தவிர்ப்பது நல்லது. அவை வெண்புள்ளி நோய் முதலிய நோய்களைக் கொண்டுவரக்கூடும். மேலும், தங்க மீனில் உயிர்ச்சத்து பி1ஐச் சிதைக்கும் நொதி உள்ளதால், அதையே தொடர்ந்து உண்ணும் மீனுக்கு அச்சத்துக் குறைபாடு நேரும்.

வடிகட்டியைக் கழுவுதல்

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவுதல் பலரும் செய்யும் தவறாகும். குழாய் நீரிலுள்ள குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து வெளியேற்றிய நீரை வாளியில் எடுத்து, அதில் பஞ்சை மெல்லப் பிழிய வேண்டும். எல்லாப் பஞ்சுகளையும் ஒரே நாளில் கழுவுதலோ மாற்றுதலோ கூடாது. தொட்டியை முழுவதும் காலிசெய்து, கல்லையும் மணலையும் தேய்த்துக் கழுவி மீண்டும் நிரப்பினால், அத்தொட்டி மீண்டும் புதிய தொட்டியாகிவிடும்.

நீர் மாற்றுதல்

அடியில் தங்கிய கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுத்தவாறே நீரை வெளியேற்ற வேண்டும். குளோரின் கலந்த நீரைத் திறந்த பீப்பாயில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்தலாம். உடனடித் தேவைக்கு, ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டு பயன்படும். வழக்கமான குழாய் நீருக்கு 100 லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் போதுமானது. வெயிலில் சூடேறிய மாடித்தொட்டி நீரை நேரடியாக ஊற்றுதல் கூடாது.

ஆவியான நீருக்கு ஈடாக ஊற்றுவது நீர் மாற்றமாகாது. நீர் மட்டுமே ஆவியாகிறது. உப்புகளும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்குகின்றன. கடின நீரையே மீண்டும் மீண்டும் ஊற்றினால் உப்பின் செறிவு கூடிக்கொண்டே போகும்.

தொட்டியைத் தூய்மைப்படுத்தும் மீன்

கடைகளில் "டேங்க் கிளீனர்" என்று விற்கப்படும் சக்கர் மீன், தென்னமெரிக்கக் கெளுத்தி வகையாகும். இது கண்ணாடியில் படரும் பாசியை உண்ணும். ஆனால், பிற மீன்களின் கழிவை உண்பதில்லை. தன் கழிவையும் சேர்த்தே விடுகிறது. கொன்றுண்ணி மீன் இதனை விழுங்க முயன்றால், இதன் துடுப்பு முள் தொண்டையில் சிக்கி இரண்டும் இறக்க நேரிடும்.

வெளியேற்றிய நீரின் பயன்பாடு

தொட்டியிலிருந்து வெளியேற்றப்படும் நீரில் நைட்ரேட்டும் பாசுபரசும் உள்ளமையால் அது செடிகளுக்கு ஏற்ற உரநீராகும். வீட்டிலுள்ள மல்லிகை, வாழை, தென்னை முதலியவற்றுக்கு இதனைப் பாய்ச்சினால் நீர் வீணாவதில்லை. மீன்களின் நோய்க்கு உப்போ மருந்தோ இட்டிருந்தால் அந்நீரைச் செடிகளுக்கு ஊற்றலாகாது.

நீர்நிலைகளில் விடுவதால் நேரும் கேடு

பெரிதாகிவிட்ட மீனையும் சக்கர் மீனையும் அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடும் வழக்கம் சிலரிடம் உள்ளது. இது நீர்நிலைக்குப் பெருங்கேடு விளைவிக்கும். சக்கர் மீன் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து மீனவர்களுக்கு இழப்பை ஏற்படுத்துகிறது. கேரளத்தில் 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின்னர் அரபைமா போன்ற அயல்நாட்டுக் கொன்றுண்ணி மீன்கள் ஆறுகளில் பிடிபட்டன. 2023ஆம் ஆண்டில் காசுமீரின் தால் ஏரியில் வட அமெரிக்காவைச் சேர்ந்த முதலைவாய் மீன் ஒன்று சிக்கியது.

திண்டுக்கல் பகுதியின் குளங்களும் தனித்தவை அல்ல. குடகனாறு அமராவதியில் கலந்து, அதன்வழி காவிரியை அடைகிறது. நிலக்கோட்டைப் பகுதியின் நீர் வைகையை நோக்கிச் செல்கிறது. எனவே, ஒரு குளத்தில் விடப்படும் மீன், நல்ல மழை பெய்யும் ஆண்டில் இரு பெரும் ஆற்றுப்படுகைகளுள் ஒன்றை அடையக்கூடும். அங்கு விரால், கெண்டை, கெளுத்தி போன்ற நம் மீன்களின் குஞ்சுகளே அதற்கு இரையாகும். வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமோ, பெரிய தொட்டியுள்ள வேறு வளர்ப்பாளரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நைட்ரசன் சுழற்சி
* விரால்
* குடகனாறு
* ஊடுருவும் அயல் இனங்கள்