நான்கு பாகங்களும் ஒரு செக்டரும்: வன்வட்டுப் பிரிவினையின் வரலாறு

1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனத்தின் எக்ஸ்டி கணினி வெளிவந்தபோது, அதனுள் இருந்த வன்வட்டின் கொள்ளளவு 10 மெகாபைட். இன்றைய கைபேசிப் படங்கள் இரண்டு மூன்றிலேயே அது நிறைந்துவிடும். அவ்வளவு சிறிய வட்டையும் நான்கு பாகங்களாகப் பிரிக்க இடம்வைத்தே வடிவமைத்திருந்தார்கள். எந்த இயக்குதளம் நிலைக்கும் என்பது அப்போது தெளிவாகியிருக்கவில்லை. 1981இல் ஐபிஎம் தன் முதல் தனிநபர் கணினியை அறிவித்தபோதே டாஸ், சிபி/எம்-86, பி-சிஸ்டம் என்று மூன்றை முன்வைத்திருந்தது. ஒரே வட்டை நான்கு இயக்குதளங்கள் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்பதே பிரிவினை அட்டவணையின் தொடக்க நோக்கம். ஆகவே, ஒரு கணினியில் இரண்டாம் இயக்குதளத்தை நிறுவுவது பின்னாளில் லினக்ஸ் ஆர்வலர்கள் கண்டறிந்த குறுக்குவழி என்னும் பரவலான எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது.

அந்த ஏற்பாடு முழுவதும் வட்டின் முதல் செக்டரில், 512 பைட்டுகளுக்குள் அடங்கியது. முதல் 446 பைட்டுகள் கணினியைத் துவக்கும் நிரலுக்கு. அடுத்த 64 பைட்டுகள், பாகம் ஒன்றுக்கு 16 வீதம், நான்கு பாகங்களின் எல்லைகளுக்கு. எஞ்சிய 2 பைட்டுகள் அடையாள முத்திரைக்கு. பத்திரம் போன்ற இந்தப் பதிவுக்கு நகல் கிடையாது. சரிபார்க்கும் கணக்கும் கிடையாது. எந்த இயக்குதளமும் யாரையும் கேளாமல் அதைத் திருத்தி எழுதலாம். பாகப்பிரிவினை செய்த குடும்பத்தில் மூலப்பத்திரம் கூடத்துத் திண்ணையில் கிடப்பதைப் போன்ற நிலை அது. பின்வந்த நாற்பது ஆண்டுகளின் இழப்புகள் பலவற்றுக்கு வேர் இங்கேயே இருக்கிறது.

டாஸ் வென்றபின் பிரிவினையின் பொருளே மாறியது. 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட பாகத்தை அக்கால டாஸ் கையாளாது. எனவே பெரிய வட்டுகள் வந்தபோது, 1987இல் வெளியான டாஸ் 3.3 ஒரே இயக்குதளத்துக்குள்ளேயே சி, டி, ஈ என்று எழுத்துகளாக வட்டைக் கூறுபோட வழிசெய்தது. எல்லைகளை வகுத்த எஃப்டிஸ்க் என்னும் நிரலுக்குப் பாகத்தை உருவாக்கவும் அழிக்கவும் மட்டுமே தெரியும். இருக்கும் எல்லையை நகர்த்தத் தெரியாது. வட்டில் பாதி காலியாக இருந்தாலும், அந்தப் பாதியைப் பெறவேண்டுமானால் முழுவதையும் அழித்தாக வேண்டும்.

1991இல் லினக்ஸ் தோன்றியதும் இந்தக் குறை கடுமையாக உணரப்பட்டது. 1993இல் ஆர்னோ ஷேஃபர் எழுதிய ஃபிப்ஸ் என்னும் சிறு நிரல்தான், தரவை அழிக்காமல் டாஸ் பாகத்தைப் பிளக்கும் வழியைப் பரவலாக்கியது. அதன் செயல்முறை எளிமையானது: முதலில் கோப்புகளையெல்லாம் டீஃபிராக் செய்து பாகத்தின் முன்பக்கம் ஒதுக்கவேண்டும், பின்பக்கம் காலி என்று உறுதியானபின் எல்லை எண்கள் மட்டும் மாற்றப்படும். மாற்றுவதற்கு முன் பழைய துவக்க செக்டர்களை ஒரு பிளாப்பியில் சேமித்துக்கொள்ளச் சொன்னது அந்நிரல். தவறினால் திரும்பிவர வழி வைத்தபின்பே எல்லையைத் தொடவேண்டும் என்ற ஒழுங்கை இதிலேயே காண்கிறோம். இன்றும் எல்லாக் கையேடுகளும் காப்புப்படியை முதற்படியாகச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அன்று. எல்லை நகரும் நடுவில் மின்சாரம் நின்றால் ஆய்வேட்டின் ஒரே பிரதி போய்விடக்கூடும். அதே வட்டின் வேறு பாகத்தில் வைத்த நகலும் உடன்போகும்.

அக்காலத்தில் மிகுதியாக நேர்ந்தது இழப்பன்று, இழப்பென்ற மயக்கம். லினக்ஸை நிறுவியபின் விண்டோஸை மறுபடி நிறுவினால், அது முதல் செக்டரின் 446 பைட்டுகளில் தன் துவக்க நிரலை எழுதிவிடும். லினக்ஸ் காணாமற்போனதாகத் தோன்றும். பாகமோ அப்படியே இருக்கும். துவக்க நிரலை மீண்டும் எழுதினால் போதும். ஆனால் இதற்கென முன்பே எடுத்துவைத்த செக்டர் நகலை 512 பைட்டுகளாகவே திரும்ப எழுதியவர்கள், இடையில் எல்லைகளை மாற்றியிருந்தால், பழைய அட்டவணையையும் சேர்த்தே எழுதி உண்மையான இழப்பை வரவழைத்துக்கொண்டனர்.

இந்தியாவில் இரட்டை இயக்குதளம் ஆர்வலர் வட்டத்தைத் தாண்டியதில் அரசுகளுக்குப் பங்குண்டு. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே விண்டோஸுடன் சேர்ந்து மாணவர் கைகளை அடைந்தது. பிரிவினை முன்பே முடிந்திருந்ததால், எல்லை எங்கே என்பதை அறியவேண்டிய தேவை பயனருக்கு எழவில்லை. இத்தகைய ஏற்பாட்டில் இடம் போதாதென்று லினக்ஸ் பாகத்தை விண்டோஸிலிருந்தே அழித்தால், விண்டோஸும் துவங்காது. துவக்கப் பட்டியலைக் காட்டும் கிரப் நிரலின் பெரும்பகுதி அழிக்கப்பட்ட அந்தப் பாகத்தில்தான் இருந்தது.

பழைய அட்டவணையை இறுதியில் ஓரங்கட்டியது அதன் எண்கணிதம். 512 பைட் செக்டர்களைக் கொண்ட வட்டில் அதனால் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் குறிக்க இயலாது. 2005இல் அமைந்த யூஈஎஃப்ஐ மன்றத்தின் வழியே நிலைபெற்ற ஜிபிடி அட்டவணை, வழக்கமாக 128 பாகங்களுக்கு இடமளிக்கிறது. வட்டின் கடைசியில் தன் நகலை வைத்திருக்கிறது. சரிபார்ப்பு எண்ணும் உண்டு. துவக்க நிரல்களுக்கெனத் தனிப் பாகம் அமைந்து, ஒவ்வோர் இயக்குதளமும் அதில் தன் அடைவை வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் விஸ்டா முதல் பாகத்தைச் சுருக்கும் வசதி விண்டோஸுக்குள்ளேயே வந்தது. விண்டோஸ் பாகத்தை அதன் கருவியாலேயே சுருக்கி, கிடைத்த இடத்தை எதுவும் செய்யாமல் வெற்றாக விட்டு, அதில் லினக்ஸை நிறுவுவதே இன்று பாதுகாப்பான முறை.

புதிய இடர்கள் வேறு திசையிலிருந்து வந்தன. 2012இன் விண்டோஸ் 8 கொண்டுவந்த விரைவுத் துவக்கம், கணினியை அணைத்தபின்னும் கோப்பமைப்பை அரைத்திறப்பில் விட்டுவைக்கிறது. அந்நிலையில் லினக்ஸிலிருந்து அங்கே எழுதினால் கோப்புகள் சிதையும். பிட்லாக்கர் பூட்டிய வட்டில் துவக்க ஏற்பாட்டை மாற்றினால், 48 இலக்க மீட்புத் திறவுகோலை அது கேட்கலாம். முன்னதை முடக்குவதும் பின்னதன் திறவுகோலை வேறிடத்தில் எழுதிவைப்பதும் நிறுவலுக்கு முன்பே முடிந்திருக்கவேண்டும்.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, இரட்டை இயக்குதளம் கொண்ட கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அத்தகைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் துவங்க மறுத்தது. பாகங்களின் எல்லைகள் எதுவும் நகரவில்லை. பழைய துவக்க நிரல்களை நம்பத்தகாதவை என ஒதுக்கும் பட்டியல் மட்டும் புதுப்பிக்கப்பட்டிருந்தது.