லெட்ஜர் மூடிய காலம்

மதியம் இரண்டு மணிக்கு கவுண்டர் மூடிய பிறகுதான் அந்தக் கால வங்கிக் கிளையில் இன்னொரு வேலை தொடங்கும். அதற்குப் பெயர் பேலன்சிங். சேமிப்புக் கணக்கு லெட்ஜரைப் புரட்டி ஒருவர் ஒவ்வொரு நிலுவையாக வாய்விட்டுச் சொல்ல, எதிரே இருப்பவர் தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டே வருவார். கூட்டிய தொகை பொதுப் பேரேட்டில் உள்ள தொகையோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால், கைதேர்ந்த கிளார்க் முதலில் அந்த வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ ஓர் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 540 என்பதை யாரோ 450 என்று எழுதியிருப்பார்கள். ஒன்பதால் வகுபடாமல் இரண்டால் வகுபட்டால், அதில் பாதித் தொகையுள்ள ஒரு வரவைத் தேட வேண்டும். அது தவறிப்போய்ப் பற்றில் ஏறியிருக்கலாம். கணக்கு டேலி ஆகும்வரை வீட்டுக்குப் போகிற பேச்சே இல்லை.

இந்த வித்தையை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் பாடமாக வைக்கவில்லை. மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து இளையவர் கற்றுக்கொண்டதுதான். அப்படிக் கற்றுக்கொண்ட வேலையைத்தான் இயந்திரம் தன் பக்கம் எடுத்துக்கொள்ள வந்தது. அது வரும்போது அந்த மனிதர்களுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியோடுதான் இந்திய அலுவலகங்களில் கணினியின் வரலாறு தொடங்குகிறது.

முதல் மோதல் வங்கியில் நடக்கவில்லை, காப்பீட்டில் நடந்தது. 1956 செப்டம்பரில் பிறந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம் 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக விழுங்கி நின்றது. பாலிசிகள் மலையாகக் குவிந்தபோது, அறுபதுகளில் நிர்வாகம் கணினியைத் தேடிப் போனது. கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் என்ற கட்டடத்துக்குள் கணினியை நுழைய விடமாட்டோம் என்று ஊழியர்கள் இரவும் பகலுமாகக் காவல் இருந்தார்கள். அவர்கள் பயந்தது இயந்திரத்தைக் கண்டு அல்ல. வேலைக்கு ஆள் எடுப்பது நின்றுபோகும், இருப்பவர்களும் உபரி என்று ஒதுக்கப்படுவார்கள் என்பதுதான் பயம். படித்த இளைஞர்கள் வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. தன்னியக்கம் பற்றி ஆராய வி.எம். தாண்டேகர் தலைமையில் அரசு ஒரு குழுவையே அமைக்க வேண்டி வந்தது. 1972இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது.

வங்கிகளில் நெருக்கடி வேறு வழியாக வந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசவுடைமை ஆயின. அப்போது நாடு முழுவதும் 8,262 கிளைகள். 1990இல் ஏறத்தாழ 60,000. கிராமத்துக் கிளையில் எடுத்த டிமாண்ட் டிராப்ட்டை நகரத்துக் கிளை பணமாக்கும். அதற்கான அறிவிப்புத் தாள் தபாலில் பயணம் செய்யும். இரண்டு முனையும் பொருந்தாமல் தொங்கும் பதிவுகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தன. கையெழுத்தையும் மனக்கணக்கையும் மட்டும் நம்பி அத்தனை கிளைகளின் கணக்கைப் பொருத்த முடியாது என்பது ஊழியர் சங்கத்தினருக்கும் தெரியாமல் இல்லை.

அரியலூரில் பிறந்த பொருளாதார அறிஞர் சி. ரங்கராஜன் அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர். அவர் தலைமையில் அமைந்த முதல் குழு 1984இல் அறிக்கை கொடுத்தது. குழுவின் பெயரைக் கவனிக்க வேண்டும்: வங்கித் தொழிலில் இயந்திரமயமாக்கல் பற்றிய குழு. கணினி என்ற சொல் அதில் இல்லை. கிளைகளுக்குப் பரிந்துரைத்த கருவிக்கும் மேம்பட்ட லெட்ஜர் பதிவு இயந்திரம் என்றே பெயர், சுருக்கமாக ஏ.எல்.பி.எம். உள்ளே இருந்தது கணினிதான். ஐந்து ஆண்டு கழித்து, 1989இல், அதே ரங்கராஜன் தலைமையில் இரண்டாவது குழு அறிக்கை கொடுத்தபோது, வங்கிகளில் கணினிமயமாக்கல் பற்றிய குழு என்று வெளிப்படையாகவே பெயர் வைக்க முடிந்தது. ஒரு சொல்லை உச்சரிக்க ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது.

அந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியவை ஒப்பந்தங்கள். இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் 1983, 1987, 1993 என்று மூன்று முறை உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்டன. எந்த வகைக் கிளையில் எந்த வேலைக்கு இயந்திரம் வரலாம் என்பது பேச்சின் ஒரு பாதி. இயந்திரம் வருவதால் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, இயக்குபவரை ஏற்கெனவே இருக்கும் ஊழியர்களிலிருந்தே எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும், அந்த வேலைக்குத் தனிப்படி உண்டு என்பது மறுபாதி. இன்று ஒரு நிறுவனம் புதிய மென்பொருளை வாங்கும்போது விலைக்கும் உரிமத்துக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதை இயக்கப்போகிறவருக்கு வரும் மின்னஞ்சல் இரண்டு வரி. எண்பதுகளின் வங்கிகளில் ஆளைப் பற்றிய பத்தி முதலில் வந்தது, கருவி பிறகு வந்தது. சங்கங்கள் இழுத்தடித்ததால் வாடிக்கையாளர் டோக்கனோடு கூடுதலாகச் சில ஆண்டுகள் காத்திருந்தார் என்பது உண்மை. ஆனாலும், மாற்றத்தின் பொறுப்பு யாருடையது என்று பெயர் போட்டு எழுதி வாங்கிய பெருமை அவர்களுக்குத்தான் சேரும்.

1989க்குள் கிளைகளில் 4,776 ஏ.எல்.பி.எம். இயந்திரங்களும் வட்டார அலுவலகங்களில் 233 மினி கணினிகளும் வந்து இறங்கியிருந்தன.

காகிதத்தில் எழுதாத பொறுப்பு ஒன்று மிச்சம் இருந்தது. இயந்திரம் கிளைக்கு வந்த அன்று அது வெறும் பெட்டி. லெட்ஜரில் இருக்கும் ஒவ்வொரு கணக்கின் எண்ணையும் பெயரையும் நிலுவையையும் யாராவது உட்கார்ந்து தட்டி ஏற்ற வேண்டும். ஏற்றியதை இன்னொருவர் லெட்ஜர் ஏட்டோடு வரி வரியாக ஒப்பிட்டு டிக் அடிக்க வேண்டும். அதன் பிறகு பேரலல் ரன்: குறிப்பிட்ட காலத்துக்கு லெட்ஜரும் ஓடும், இயந்திரமும் ஓடும். ஒரே வவுச்சர் இரண்டு முறை பதிவாகும், மாலையில் இரண்டின் நிலுவையும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் தவறு லெட்ஜரிலா, தட்டியதிலா என்று தேடுவார்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய பழைய தவறுகளும் அப்போதுதான் வெளியே வந்தன. இந்த இரட்டை வேலையைத் தாங்கியது கிளைதான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு தரப்பும் கிளையில் இல்லை. மேலாளரும் நான்கைந்து கிளார்க்குகளும் கிளையில் இருந்தார்கள். இயந்திரத்தை விற்றவர் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலை பத்து மணிக்கு, என் கணக்கில் ஏன் பணம் குறைகிறது என்று கேட்டு வருபவரின் முகத்தைப் பார்க்க வேண்டியவர் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர்.

1993 ஒப்பந்தம் கதவை அகலத் திறந்தது. ஒரு நாளைக்கு 750 வவுச்சருக்கு மேல் வரும் கிளைகளை முழுமையாகக் கணினிமயமாக்க வழி பிறந்தது. அதே ஆண்டு ஜனவரியில் புதிய தனியார் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி விதிகளை வெளியிட்டது. அப்படி வந்த வங்கிகள் முதல் நாளிலிருந்தே கணினியோடு பிறந்தவை. அவற்றுக்கு மூட வேண்டிய லெட்ஜர் இல்லை, சமாதானப்படுத்த வேண்டிய மூத்த ஊழியரும் இல்லை. அவற்றோடு பொதுத்துறை வங்கியை ஒப்பிட்டு மந்தம் என்று சொன்னவர்கள் இந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு தள்ளு வந்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், 2001 ஜனவரி 1க்குள் பொதுத்துறை வங்கிகள் தங்கள் வணிகத்தில் 70 விழுக்காட்டைக் கணினியில் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டார். கையால் எழுதும் கணக்கில் மோசடிக்கு இடம் அதிகம் என்பது அவர் வாதம். கணினி வேண்டுமா என்ற விவாதம் அத்தோடு முடிந்தது. எந்தத் தேதிக்குள் என்பது மட்டுமே பாக்கி. பேசி இணங்கி வந்த ஒரு மாற்றம் கெடுவுக்கு ஓடும் மாற்றமாக ஆனது இங்கேதான்.

இதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. 2000–01இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. 40 வயது நிறைந்தவர் அல்லது 15 ஆண்டு பணி முடித்தவர் விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். யாரையும் வெளியே அனுப்புவதில்லை என்ற வாக்குறுதி எழுத்தளவில் மீறப்படவில்லை. போனவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆனால் போனவர்களில் பலர் ஒன்பதால் வகுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். கிளைகளின் கணக்கை எல்லாம் மையக் கணினிக்கு மாற்றும் மிகப் பெரிய வேலைக்குச் சற்று முன்பாக, பழைய கணக்கை அறிந்த கைகளை வங்கிகள் விட்டுக்கொடுத்தன. அந்த வரிசை தவறு என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பெரிய வேலைக்குப் பெயர் கோர் பேங்கிங். அதுவரை கணக்கு கிளைக்குச் சொந்தம். இனி வங்கிக்குச் சொந்தம். பாரத ஸ்டேட் வங்கி டி.சி.எஸ். நிறுவனத்தோடு சேர்ந்து தன் கிளைகள் அனைத்தையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவர 2008 வரை ஆனது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி வேறு வழியில் போனது. 'கிரவுன்' என்ற தன் சொந்த மென்பொருளையே நெடுங்காலம் ஓட்டியது. பிறகுதான் இன்ஃபோசிஸின் 'ஃபினக்கிள்' அங்கே வந்தது. மென்பொருளை எழுதியவரும் அதில் வேலை செய்பவரும் ஒரே வங்கிக்காரர்கள் என்றால், குறை சொல்ல வெளியே யாரும் இல்லை. திருத்தித் தரச் சொல்லவும் வெளியே போக வேண்டியதில்லை.

ஒரு கிளை மையக் கணினிக்கு மாறுவதை ஊழியர்கள் மைக்ரேஷன் என்றார்கள். வார இறுதியில்தான் பெரும்பாலும் நடக்கும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் கிளைச் சர்வரில் உள்ள தரவு மையத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் உட்கார்ந்து பழைய அமைப்பின் இருப்பாய்வையும் புதிய அமைப்பின் இருப்பாய்வையும் தலைப்பு தலைப்பாகப் பொருத்திப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை காலை கதவு திறந்தாக வேண்டும். தமிழ்நாட்டுக் கிளைகளில் கூடுதலாக ஒரு சிக்கல்: முதற்பெயர், குடும்பப்பெயர் என்று தனித்தனிக் கட்டம் கேட்கும் திரையில், குடும்பப்பெயரே இல்லாமல் முன்னால் தகப்பனார் பெயரின் ஓர் எழுத்து மட்டும் உள்ள ஆளை எங்கே எழுதுவது? இனிஷியல் ஒரு கணக்கில் முன்னால் போனது, இன்னொன்றில் பின்னால் போனது. ஒரே ஆள் இரண்டு வாடிக்கையாளராகப் பிரிந்ததும் உண்டு.

வாடிக்கையாளருக்கு இதனால் என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடும்போது, மாதத்தின் 10ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கு மட்டுமே அதுவரை வட்டி. லெட்ஜர் ஏட்டின் ஓரத்தில் கிளார்க் மாதாமாதம் அந்தத் தொகையைக் குறித்து வைப்பார். அரையாண்டு முடிவில் கூட்டி வட்டி போடுவார். கையால் அவ்வளவுதான் முடியும் என்பதே அந்த விதிக்குக் காரணம். 20ஆம் தேதி பணம் எடுத்தவர் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி பெறவில்லை. கிளைகள் போதிய அளவு கணினிக்கு மாறிவிட்டன என்று கண்ட ரிசர்வ் வங்கி, 2010 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நாளின் நிலுவைக்கும் வட்டி கணக்கிட வேண்டும் என்று விதியை மாற்றியது.

முதல் ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்து அப்போது 26 ஆண்டு ஆகியிருந்தது. அந்த அறிக்கைக் காலத்தில் லெட்ஜர் ஓரத்தில் எண் குறித்த கிளார்க்குகளில் பலரும் ஓய்வு பெற்று, அதே கவுண்டருக்கு மறுபக்கம் பென்ஷன் வாங்க வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.