வேட்டைக்காடும் பஞ்சமி நிலமும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்து கிராமத்துப் பக்கம் நிலம் தேடிப் போகிறவர்கள் முன்பெல்லாம் மூன்று கேள்விதான் கேட்பார்கள். தண்ணி இருக்கா, தடம் இருக்கா, வில்லங்கம் இருக்கா? பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் பல வருஷம் நகல் எடுக்கும் வேலை பார்த்தவன் நான். இந்த மூன்றையும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனது. பிறகு நாலாவதாக ஒரு கேள்வி வந்து சேர்ந்தது: "அங்க மான் வருமா?"

சேர்வராயன் மலையடிவாரத்தில், காட்டு எல்லைக் கல்லை ஒட்டின மாதிரி நாலு ஏக்கர் வேண்டும். ஒரு வீடு கட்டி, சனி ஞாயிறு வந்து உட்கார்ந்தால் மான் மேய்வது தெரிய வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் பார்க்கிற ஆசைதான். ஒன்றிரண்டு பேர் விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு சொந்த நிலத்திலேயே நின்றாலும் மானைச் சுட்டால் சிறைதான். ஆனாலும் அந்த ஆசை சட்டத்துக்கு முந்தியது. அதன் வரலாற்றைத் தோண்டினால் மானுக்குக் கீழே நிலம் இருக்கிறது, நிலத்துக்குக் கீழே நம்முடைய கூலி இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

மான் வேட்டைக்கென்றே நிலம் வாங்குவது அமெரிக்காவில் இன்றும் சாதாரணமாக நடக்கிற காரியம். அங்கே காட்டு மான் யாருக்கும் தனிச்சொத்து ஆகாது. ஆனால் அது நிற்கிற நிலம் தனிச்சொத்து. நிலக்காரன் விடாமல் உள்ளே போக முடியாது. அதனால் வேட்டை வேண்டும் என்கிறவன் நிலம் வாங்குகிறான், இல்லாவிட்டால் குத்தகைக்கு எடுக்கிறான்.

இந்த முடிச்சு இங்கிலாந்தில் இன்னும் இறுக்கமாக இருந்தது. 1671இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவனே வேட்டையாடலாம் என்பது அதன் சாரம். நிலமில்லாதவன் முயல் பிடித்தால் திருடன். 1723இல் வந்த கறுப்புச் சட்டம் இன்னும் கொடியது. முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் பிடிக்கப் போகிறவனுக்குத் தூக்கு என்றது அது. ஈ.பி. தாம்ப்சன் என்ற வரலாற்றாசிரியர் இதைப்பற்றி 1975இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். வேட்டைக்கு நிலச்சொத்து தகுதி என்ற விதி 1831இல்தான் எடுக்கப்பட்டது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த துரைமார்தான் நம் ஊருக்குக் கலெக்டராக வந்தார்கள்.

சென்னையில் கிண்டி இருக்கிறதே, அதன் கதையும் இதுதான். ஒரு காலத்தில் அது வேட்டைக்காடு. தனியார் ஒருவரிடம் இருந்த அந்த இடத்தை 1821இல் அரசாங்கம் 35,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. கவர்னருக்கு ஊருக்கு வெளியே ஒரு மாளிகை, சுற்றிலும் காடு. 1910இல் சுமார் 505 ஹெக்டேர் ஒதுக்குக் காடு ஆனது. அதில் மிஞ்சிய ஒரு பகுதி 1978இல் தேசியப் பூங்கா ஆனது. நடுவில் காட்டை வெட்டி ஐ.ஐ.டி. வந்தது, தலைவர்களுக்கு நினைவு மண்டபங்கள் வந்தன. மானுக்கும் கவர்னருக்கும் பட்டணத்து நடுவில் காடு கிடைத்தது. அந்தப் பட்டணத்தைக் கட்டிய கூலிக்காரர்களுக்குக் கூவம் கரையும் அடையாறு கரையும் கிடைத்தன. இதைச் சொன்னால் 'மானுக்கு விரோதியா நீ' என்பார்கள். மான் மேல் நமக்கு என்ன கோபம்? நில அளவுச் சங்கிலி யார் கையில் இருந்தது என்பதுதான் நம் கேள்வி.

சங்கிலி பற்றிப் பேச சேலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு முதல் கலெக்டர். அவருக்குக் கீழே உதவியாளராக வேலை பழகியவர்தான் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறை முளைவிட்டது இந்தச் சீமையில்தான். உழுகிற குடியானவன் பெயரில் பட்டா என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். உழுகிறவன் என்று ஏட்டில் ஏறியவன் யார்? நிலத்தைக் கையில் வைத்திருந்த ஊர்க்காரன். ஏர் பிடித்த பண்ணையாளின் பெயர் அந்த ஏட்டில் ஏறவில்லை. நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்ற காலம் அது. அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று அறிவித்ததே 1843இல்தான்.

1802இல் தொடங்கி அதே நிலங்களை மிட்டாக்களாகக் கட்டி ஏலம் விட்டார்கள். பணமுள்ளவன் மிட்டாதார் ஆனான். 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியும் ஆப்பிளும் பேரியும் கொண்டுவந்தார். அந்த நூற்றாண்டிலேயே ஃபிஷர் என்ற ஐரோப்பியர் சேலம் மிட்டாவை விலைக்கு வாங்கி ஜமீன்தாராக உட்கார்ந்தார். 1861இல் கானிங் பிரபு போட்ட தரிசு நிலத் தீர்மானம் இன்னும் தெளிவானது. திருத்தாத நிலம் ஏக்கருக்கு இரண்டரை ரூபாய், திருத்திய நிலம் ஐந்து ரூபாய், வாங்கினவனுக்கு முழுப் பாத்தியதை. பிறகு அதை ஏல முறையாக மாற்றினார்கள். மலைக்கு மேலே எஸ்டேட், அதைச் சுற்றிக் காடு. காப்பியும் வேட்டையும் ஒரே வாசலில் கிடைத்தன. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கொத்திச் சாப்பிட்ட மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது தரிசு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்து சட்டங்கள் வரிசையாக வந்தன. 1878இல் ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்சு வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. 1877இல் நீலகிரியில் துரைமார் வேட்டைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில், 1879இல், நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1882இல் சென்னை வனச்சட்டம். ஒதுக்குக் காட்டில் விதிகளை மீறி வேட்டையாடுவது, சுடுவது, மீன் பிடிப்பது, கண்ணி வைப்பது எல்லாம் குற்றம். பர்மிட்டு வாங்கித் துப்பாக்கியோடு போகிறவர் வேட்டைக்காரத் துரை. கண்ணியோடு போகிறவன் காட்டுத் திருடன். செத்தது ஒரே மான்தான்.

இந்த வேட்டையில் நம் சனங்கள் எங்கே நின்றார்கள்? எங்க தாத்தா பண்ணையத்துக்கு இருந்தவர். அந்தப் பண்ணையின் பெயர் இங்கே வேண்டாம். மழை ஓய்ந்த பிறகு பண்ணைக்காரரும் அவர் சேக்காளிகளும் வேட்டைக்குக் கிளம்புவார்களாம். முதல் நாளே சேரிக்கு ஆள் வரும். தாத்தாவும் இன்னும் பத்துப் பேரும் தப்பட்டையை எடுத்துக்கொண்டு விடியுமுன்னே காட்டின் அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். சைகை கிடைத்ததும் அடித்துக்கொண்டே காடு கலைக்க வேண்டும். முள்ளிலும் பாறையிலும் வெறுங்கால். சத்தத்துக்கு மிரண்டு மானும் முயலும் இந்தப் பக்கம் ஓடிவரும். இங்கே துப்பாக்கி காத்திருக்கும். "குண்டு எந்தப் பக்கம் வரும்னு மானுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது" என்று தாத்தா சொல்லும். தொடைக்கறி பண்ணை வீட்டுக்கு. தோலும் கொம்பும் சுவருக்கு. காடு கலைத்தவர்களுக்குக் குடலும் தலையும். அன்றைக்குக் கூலி கிடையாது. வேட்டைக்குத்தானே வந்தாய், வேலைக்கா வந்தாய் என்று கணக்கு.

கருப்பொருள் என்று தொல்காப்பியம் எண்ணுகிற பட்டியலில் தெய்வம், உணவு, மரம் இவற்றோடு பறையும் நிற்கிறது. திணைக்கொரு பறை என்று உரைகள் விரிக்கும். மலையும் காடும் பறையோடு சேர்ந்தே பேசப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதே பறையை வைத்துக்கொண்டு தாத்தா இன்னொருத்தன் துப்பாக்கிக்கு மானை ஓட்டிக் கொடுத்தார். திணை போய்விட்டது, பட்டா வந்துவிட்டது. பறை மட்டும் எங்கள் தோளில் மிஞ்சியது.

இதே கதையைக் கறுப்பின மக்களும் சொல்கிறார்கள். 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்தது. தென் மாநிலத்துப் பண்ணைகளில் விடுதலை பெற்ற கறுப்பர்கள் வேட்டையும் மீனும் வைத்துப் பாதி வயிற்றை நிரப்பினார்கள். பண்ணை முதலாளிகளுக்கு அது பொறுக்கவில்லை. காட்டில் தின்கிறவன் பருத்தி எடுக்க ஏன் வருவான்? அந்த ஆண்டே மிசிசிப்பி மாநிலம் கறுப்பர்கள் லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. பிறகு அத்துமீறி நுழைவதைத் தடுக்கும் சட்டம், வேட்டைச் சட்டம், வேலிச் சட்டம் என்று ஒவ்வொன்றாக அடைத்தார்கள். விலங்கைக் காப்பாற்ற என்று சொன்ன சட்டம் கூலிக்காரனைப் பண்ணைக்கு ஓட்டிவந்தது. அங்கேயும் காடு கலைத்தார்கள். ஓடிவந்தது மனுசன்.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது தர்க்காஸ்து விதி. புறம்போக்கையும் தரிசையும் சாகுபடிக்குக் கேட்டு விண்ணப்பிப்பதற்குத் தர்க்காஸ்து என்று பெயர். செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சேரிக்காரன் விண்ணப்பித்தால் மிராசுதாருக்கும் பட்டாதாருக்கும் முதல் உரிமை என்று விதி குறுக்கே நிற்பதை அதில் எடுத்துக் காட்டினார். சொந்த நிலம் கிடைத்தால் பண்ணைக்கு ஆள் கிடைக்காது என்பதுதான் உள்ளே இருந்த பயம். அந்த அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். பத்து ஆண்டு வரை விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அந்த வகுப்பாருக்கே விற்கலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். அதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டது என்பது தலித் இயக்கங்கள் முன்வைக்கும் கணக்கு.

வேட்டையும் சொந்த நிலமும் நமக்கு ஏன் ஒன்றாக மறுக்கப்பட்டன என்பது இப்போது விளங்கும். கூலிக்குப் போகாமல் அடுப்பெரிய இருந்த வழிகள் அவை. ஒன்றை வனச்சட்டம் அடைத்தது, இன்னொன்றைத் தர்க்காஸ்து விதி அடைத்தது. பஞ்சமி நிலம் என்று ஒரு சின்ன வாசல் திறந்தது. அதையும் ஊர் பிடுங்கிக்கொண்டது. மூட்டை நெல்லுக்கும், கல்யாணக் கடனுக்கும், சாராயத்துக்கும் கைரேகை வாங்கிக் கைமாற்றிக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்ட காரணை நிலப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

மறுபக்கம் என்ன நடந்தது? 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 30 தர ஏக்கர் என்றார்கள், 1970இல் 15 என்று குறைத்தார்கள். காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு மட்டும் விலக்கு. துரை விட்டுப்போன எஸ்டேட் கை மாறியது, உடையவில்லை. மலை அப்படியே முழுசாக இருக்கிறது. அடிவாரத்தில் நம் ரெண்டு ஏக்கர்தான் துண்டு துண்டாக மனை ஆனது.

இனி இளைய தோழர்களுக்கு, பத்திரக் கட்டுகளுக்கு நடுவில் கற்றுக்கொண்ட ஒரு விஷயம். நிலம் வாங்குகிறவர்கள் முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு 'கிளியர்' என்கிறார்கள். நிபந்தனை எழுதப்பட்டது அதற்கு எத்தனையோ வருஷம் முந்தி. முப்பது வருஷத்துச் சான்றில் அது தலைகாட்டாது. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல இடங்களில் அனுபோகத்தில் இருந்தவர் பெயரிலேயே பட்டா ஏறியது. எனவே இன்றைய கம்ப்யூட்டர் சிட்டாவில் தேடுவது பத்தாது. பழைய செட்டில்மெண்ட் 'அ' பதிவேட்டைக் கேட்க வேண்டும். தாலுகா ஆபீசும் கலெக்டர் ஆபீஸ் பதிவறையும் கொடுக்க மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. சர்வே நம்பர் போட்டு, கிராமத்தின் பெயர் போட்டு, குறிப்புக் கலத்தோடு நகல் வேண்டும் என்று எழுதுங்கள். அந்தக் கலத்தில் இருக்கிற ஒரு வரிதான் நம் தாத்தா பாட்டிக்குச் சர்க்கார் எழுதிக் கொடுத்த சாசனம். நிபந்தனையை மீறிய விற்பனையை ரத்து செய்து, நிலத்தை மீட்டு, மறுபடி ஒடுக்கப்பட்டவருக்கே ஒப்படைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. கேட்க ஆள் வேண்டும்.

ஃபேர்லேண்ட்ஸ் என்றால் நல்ல நிலம் என்றும் பொருள் கொள்ளலாம், நியாயமான நிலம் என்றும் கொள்ளலாம். நல்ல நிலம் யாருக்குப் போனது என்பது தெரிந்த கதை. மானைப் பார்க்க வேண்டுமென்றால் சேர்வராயன் அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது, சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் பார்க்கலாம். நியாயமான நிலத்துக்குச் சீட்டு விற்பதில்லை. அதற்குக் கிராமம் கிராமமாகப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். ஒரு கிராமத்துக்கு இரண்டு பேர் போதும். உங்கள் ஊர்ப் பதிவேட்டில் தொடங்குங்கள்.