படலையைத் தாண்டிய பெண்கள்

யாழ்ப்பாணத்துப் பெண் கல்வியின் வரலாறு பெரும்பாலும் கட்டடங்களாலும் அதிபர்களின் பெயர்களாலும் எழுதப்பட்டிருக்கிறது. இந்த நூற்றாண்டு மலரில் நாம் அதே வரலாற்றை வேறொரு வழியாகப் பார்க்க விரும்புகிறோம். ஒவ்வொரு தலைமுறைப் பெண்ணின் முன்னும் ஓர் அச்சம் நின்றது. அது எங்கிருந்து வந்தது, எப்படி விலகியது என்று தேடிப்போனால் எமது சங்கத்தின் கதையும் அதற்குள்ளே அகப்படுகிறது.

1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அன்று எழுத்து ஆண்பிள்ளைகளின் சொத்தாக இருந்தது. படித்த பெண்ணை யார் கட்டுவார், ஊர் என்ன சொல்லும், பிள்ளை சமயம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. திருமணம் ஒன்றே பெண்ணுக்கு வாழ்வாதாரமாக இருந்த காலத்தில், அதைப் பணயம் வைக்க எந்தத் தாய்தான் துணிவாள்? மிஷனரிமாரும் இதை உணர்ந்திருந்தனர். விடுதியில் உணவும் உடையும் கொடுத்தனர். திருமணத்தின்போது சிறு சீதனமும் உதவினர்.

1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் 1879 வரை அப்பாடசாலையை நடத்தினார். முதலில் படித்தவர்களின் மகள்மாரும் பின்னர் பேத்திமாரும் அவரிடம் படித்தார்கள். ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என்று அவரை அழைத்தனர். இதற்கிடையில் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த இளைஞர்கள், படித்த மனைவியரை விரும்பத் தொடங்கினர். எந்தத் திருமணச் சந்தை பெண்களை வீட்டுக்குள் வைத்ததோ, அதுவே மெல்லப் படலையைத் திறந்துவிட்டது. ஆனாலும் பாடசாலையிலிருந்து திரும்பிய பெண்ணை ஊர் நேரில் பார்த்ததுதான் பெரிய மாற்றம் என்று நாம் நினைக்கிறோம். அவள் கடிதம் வாசித்தாள், கணக்குப் பார்த்தாள், அடுப்பும் மூட்டினாள். ஊர் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அடுத்த வீட்டுத் தாய்க்கு அது போதுமாயிருந்தது.

சமயம் மாறிவிடுமோ என்ற அச்சத்துக்கும் விடை கிடைத்தது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். அதே பெருமகன் பின்னர் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பெண் படிக்கலாம், ஆனால் தீர்மானிக்கலாகாது என்ற எண்ணம் அக்காலப் பெரியோர் பலரிடம் இருந்தது.

இந்தக் காலத்தில்தான் எம் முன்னோடிகள் கூடிப் பழைய மாணவிகள் சங்கத்தை அமைத்தார்கள். இன்று நாம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவியையும் செயலாளரையும் பொருளாளரையும் தெரிவுசெய்வது வெறும் வழக்கமாகிவிட்டது. அன்று அப்படியன்று. நாட்டின் சட்டசபைக்கு வாக்களிக்க உரிமையற்ற பெண்கள், தம் சங்கத்தில் கை உயர்த்தி வாக்களித்தார்கள், எழுந்து நின்று பேசினார்கள், கூட்டறிக்கை எழுதினார்கள், காசுக்குக் கணக்குக் காட்டினார்கள். நான்கு பேர் முன் பேச நாக்கு ஒட்டிக்கொள்ளும் அச்சத்தை அவர்கள் தமக்குள்ளேயே பழகிப் போக்கினார்கள்.

1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதன் பிரதிநிதிகள் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். 1931இல் 21 வயது வந்த பெண்களும் வாக்குரிமை பெற்றனர். ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாணம் புறக்கணித்ததால், இங்குள்ள பெண்கள் அரசாங்க சபைக்கு வாக்களிக்க 1934 வரை காத்திருந்தார்கள். அதற்கு முன்னரே, 1932இல், நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கிலிருந்து அச்சபைக்குத் தெரிவாகியிருந்தார்.

எல்லோருக்கும் படலை ஒரே நாளில் திறக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றவர்களுடன் சமமாக வாங்கில் இருக்கலாம் என்ற உத்தரவு 1930ஐ அண்டி வந்தபோது, சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அந்தப் பிள்ளைகளின் அச்சம் தம் மனத்தில் பிறந்ததன்று. எம் சமூகம் அவர்கள்மேல் ஏற்றியது. அச்சத்தை வெல்லும்படி பிறருக்குச் சொல்லுமுன், அதை உண்டாக்கியவர்கள் யார் என்றும் கேட்கவேண்டும் என்பதை இந்த வரலாறு எமக்குக் கற்பிக்கிறது.

பின் 1945இல் இலவசக் கல்வி வந்தது. பல்கலைக்கழகம் எட்டும் தூரத்துக்கு வந்தது. அதன் பின் போரும் வந்தது. 1990க்குப் பின் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், சொட்டு மண்ணெண்ணெய் விட்ட ஜாம் போத்தல் விளக்கடியில் எம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். பெற்றோர் கையைப் பிசைந்து நிற்க, கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து பல்கலைக்கழகம் போனவர்களும் உண்டு. 1995இன் இடப்பெயர்வின் பின் மரநிழலிலும் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. அங்கே அச்சம் நீங்கிவிடவில்லை. அச்சத்தோடேயே புத்தகத்தைத் திறந்தார்கள். இந்நூற்றாண்டு முழுவதிலும் துணிவு என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

இன்று இதை வாசிக்கும் சகோதரிகள் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறீர்கள். அந்நிய மொழியில் முதல் நேர்முகப் பரீட்சைக்குப் போனதும், பனியில் கார் ஓட்டப் பழகியதும், ஐம்பது வயதில் மீண்டும் படிக்கத் தொடங்கியதும் உங்கள் பங்கு. ஊரிலோ கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களும், படிப்பை இடையில் விடும் நிலையிலுள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் வெறுமனே ‘பயப்படாதே’ என்றால் போதாது. உடுவிலில் விடுதியும் உணவும் சீதனமும் செய்த வேலையை இன்று ஒரு புலமைப்பரிசிலும், பஸ் காசும், தொலைபேசியில் பேச ஓர் அக்காவும் செய்யலாம்.

சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டுக்கு நாம் முன்வைக்கும் வேலை இதுவே. படலைக்கு வெளியே ஒருத்தி நின்று கை காட்டினால், உள்ளே நிற்பவளுக்கு முதல் அடி சற்று இலகுவாகும்.