இணைய முகவரி பாகுபடுத்தல்

இணைய முகவரி பாகுபடுத்தல் என்பது ஓர் இணைய முகவரியை நெறிமுறை, ஆள்களப் பெயர், பாதை, வினவல் முதலிய உறுப்புகளாகப் பிரித்தறிதல் ஆகும். ஒரே முகவரியை உலாவிகளும் நிரலாக்க மொழிகளின் நிரலகங்களும் வெவ்வேறாகப் பிரிப்பதுண்டு. தமிழ் எழுத்துகள் அமைந்த முகவரிகளில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

சீர்தரங்கள்

முகவரிகளின் இலக்கணம் 1994இல் ஆர்எஃப்சி 1738 ஆவணத்திலும், 2005இல் ஆர்எஃப்சி 3986 ஆவணத்திலும் வரையறுக்கப்பட்டது. நிரலகங்கள் பல இவற்றைத் தழுவியவை. உலாவிகளோ பயனர் பிழையாக இட்ட முகவரியையும் திருத்தி ஏற்பவை. அவற்றின் நடைமுறையை வாட்விக் பணிக்குழுவின் சீர்தரம் விவரிக்கிறது.

தமிழ் ஆள்களப் பெயர்கள்

2007இல் ஐகான் நிறுவனம் பதினொரு மொழிகளில் சோதனை ஆள்களங்களை அமைத்தது. அவற்றுள் தமிழுக்குரியது உதாரணம்.பரிட்சை என்பதாகும். இவை 2013இல் நீக்கப்பட்டன. இதற்கிடையே .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய மேல்நிலை ஆள்களங்கள் நடைமுறைக்கு வந்தன.

இப்பெயர்களை மென்பொருள் இலத்தீன் எழுத்து வடிவத்துக்கு மாற்றியே தேடுகிறது. இம்மாற்றத்துக்கு 2003, 2008 என இரு விதிமுறைகள் உள்ளன. 'ரிக்‌ஷா' என்னும் சொல்லில் ககரமும் ஷகரமும் 'க்ஷ' எனக் கூட்டெழுத்தாகாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கி இடப்படுகிறது. 2003 விதி அதனை நீக்கிவிடும். 2008 விதி புள்ளிக்குப் பின் அதனை ஏற்கும். எனவே முதல் விதியில் ஒரே பெயராவது இரண்டாம் விதியில் இரு பெயர்களாகும். பைத்தானின் உள்ளமைந்த மாற்றி 2003 விதியைப் பின்பற்றுகிறது. குரோம் உலாவி 2023இல் இணைப்பு நீக்கியைக் காக்கும் முறைக்கு மாறியது.

பாதையில் தமிழ்

ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும்; ஒவ்வொரு பைட்டும் முகவரியில் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று வரியுருக்களாக எழுதப்படும். திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையிலுள்ள புதூர்நாடு என்னும் ஊர்ப்பெயரில் பத்துக் குறிகள் உள்ளன; பாதையில் அது 90 வரியுருக்களாகும். இம்மாற்றத்தை உலாவி தானே செய்துவிடும். பைத்தானின் யூஆர்எல்லிப் நிரலகத்திடம் பாதையைத் தமிழிலேயே தந்தால் பிழைச்செய்தி வரும்; நிரலாளரே முன்னதாக மாற்றித் தரவேண்டும்.

மேலும், 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவோ சேமிக்கலாம். ஆள்களப் பெயரில் இவை ஒன்றாக்கப்படும். பாதையில் உலாவி அவ்வாறு செய்வதில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது வழங்கியின் பொறுப்பாகும்.

பாதுகாப்புச் சிக்கல்கள்

நெறிமுறைக் குறியீட்டை அடுத்து அ.பரிட்சை\@ஆ.பரிட்சை என ஒரு முகவரி வருவதாகக் கொள்க. பின்சாய்கோட்டை உலாவி முன்சாய்கோடாகக் கருதி, அ.பரிட்சை தளத்துக்குச் செல்லும். பைத்தான் நிரலகமோ @ குறிக்குப் பின்னுள்ள ஆ.பரிட்சை என்பதையே ஆள்களமாகக் காட்டும். ஆகவே நிரலகத்தைக் கொண்டு 'நம்பத்தக்கது' எனச் சோதித்த இணைப்பு, பயனரை வேறொரு தளத்துக்கு இட்டுச் செல்லக்கூடும். இத்தகைய முரண்பாடுகளால் வழங்கிகளின் உள்வலையமைப்பையும் அணுகலாம் என்பதை ஆரஞ்சு சாய் என்னும் தைவான் ஆய்வாளர் 2017 பிளாக் ஹாட் மாநாட்டில் விளக்கினார்.

முகவரியைச் சோதிப்பதற்கும் அதனை அணுகுவதற்கும் ஒரே பாகுபடுத்தியைப் பயன்படுத்துவதும், ஐயத்துக்கிடமான முகவரிகளைத் திருத்தாமல் மறுப்பதும் தகுந்த தீர்வுகளாகும்.

இவற்றையும் பார்க்க

ஆள்களப் பெயர் முறைமை
ஒருங்குறி
உலாவி